மூன்று பொட்டலம் தேறினால்

கடிதம் எண் 1
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.
18 ஆகஸ்ட் 2024, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.40 மணி.

பொருள்: உன் தாயாருக்கு உலர்ந்த காய்ப்பொடி அனுப்புவதும், நீ கேட்டிருக்கும் அனுமதியும்.

டீனாவுக்கு,

12.08.2024 தேதியிட்ட உன் கடிதம் 16.08.2024 அன்று பகல் 12.15 மணிக்குக் கிடைத்தது. தேதியைக் கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறாய். தேதி தலைப்பில் இருக்க வேண்டும் என்பதை உனக்கு ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன்.

நடந்தவற்றை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் நீ கோயிலில் அல்லாமல் பதிவு அலுவலகத்தில் திருமணம் செய்துகொண்டாய். அன்று முதல் இந்த வீட்டுக்கு நீ வரக் கூடாது என்றேன். நீ வரவில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை உன் தாயார், மாதர் சபைக் கூட்டம் என்று என்னிடம் சொல்லிவிட்டு, சிங்காநல்லூர் பஸ் நிலையத்துக்கு வந்து உன்னைச் சந்தித்திருக்கிறாள். 06.07.2024 அன்றும் அப்படியே வந்தாள். நீ ஐம்பது நிமிடம் தாமதித்தாய். அவள் வெயிலில் நின்றாள். 11.20 மணிக்கு விழுந்தாள். வலக்கையும் வலக்காலும் அன்றோடு போயின. பேச்சில் சில சொற்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன.

14.07.2024 அன்று நீ கேட்டருகில் நின்று அழைத்தபோது நான் திறக்கவில்லை. இனி அனுமதியின்றி வந்தால், உன் தாயாரை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவேன். அதன் பெயரும் ஊரும் உனக்குத் தெரியவராது. இதை மிரட்டல் என்று கருத வேண்டாம், தகவல்.

உன் கடிதத்தில் ஒரு வாக்கியம் மட்டும் ஏற்கத்தக்கதாக இருக்கிறது. வீட்டில் வைத்துக்கொள்ளும் டீஹைட்ரேட்டர் ஒன்று வாங்கியிருப்பதாகவும், காய்களை அதில் உலர்த்திப் பொடித்து, தாயாரின் கஞ்சியில் கலக்க அனுப்ப விரும்புவதாகவும் எழுதியிருக்கிறாய். வெயிலில் உலர்த்தியதாக இருந்தால் மறுத்திருப்பேன். வெயிலுக்குத் திருகு கிடையாது. இயந்திரத்துக்கு உண்டு.

மில் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் பஞ்சின் ஈரத்தை அளந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். புது இயந்திரத்தை முதலில் காய் எதுவும் வைக்காமல் அரை மணி நேரம் ஓட்டு. பிளாஸ்டிக் நெடி போகும். காயைக் கழுவித் துடைத்து, மூன்று மில்லிமீட்டர் கனத்தில், எல்லாத் துண்டும் ஒரே அளவாக நறுக்கு. கேரட் போன்றவற்றை மூன்று நிமிடம் ஆவியில் காட்டு, கீரைக்கு வேண்டியதில்லை. தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படக் கூடாது. காற்று போக வழி வேண்டும். காய்க்கு ஐம்பத்தைந்து டிகிரி, கீரைக்கு நாற்பத்தைந்து. சீக்கிரம் முடிய வேண்டுமென்று சூட்டைக் கூட்டினால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். இரண்டு மணிக்கொரு முறை தட்டுகளை மேல் கீழாக மாற்று. வைக்கும்போதும் எடுக்கும்போதும் எடை போட்டு எழுது.

உலர்ந்ததும் உடனே பொடிக்காதே. இருபத்துநான்கு மணி நேரம் அதைத் தட்டிலேயே, மெல்லிய துணி மூடி, அறைக்காற்றில் விடு. உலைச் சூட்டிலிருந்து வந்த எதுவும் தன் நிலைக்குத் திரும்ப ஒரு நாள் எடுக்கும். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இதை ஒருநாளும் தவறவிட்டதில்லை. மற்றவற்றில் நீ பிழை செய்தாலும் இதில் செய்யாதே.

வரும் பொட்டலம் ஒவ்வொன்றிலும் பத்து கிராம் எடுத்து, உன் தாயார் கேக் சுடும் ஓவனில் நூற்றைந்து டிகிரியில், எடை மேலும் குறையாத நிலை வரும்வரை வைப்பேன். ஈரம் எட்டு சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது தேறாது. தேறாததை நோயாளிக்குக் கொடுக்க மாட்டேன். தொடர்ந்து மூன்று பொட்டலம் தேறினால், அந்தத் தேதியிலிருந்து நீ ஞாயிறுதோறும் மாலை மூன்று முதல் நான்கு வரை வந்து தாயாரைப் பார்க்கலாம். உன் கணவன் சுரேந்தர் வரக் கூடாது.

சூ. இன்னாசிமுத்து
(தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர், ஓய்வு)

*

சத்தியமங்கலம்,
29.08.2024, வியாழன்.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் டீனா வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் கிடைத்தது. நாலு முறை படித்தேன். மூன்று பொட்டலம் என்ற இடத்தை மட்டும் இன்னும் சில முறை. தேதியை மேலே போட்டுவிட்டேன், பார்த்தீர்களா?

நீங்கள் சொன்னபடியே இயந்திரத்தை வெறுமனே அரை மணி நேரம் ஓட்டினேன். வீடெல்லாம் புதுச்செருப்பு வாசனை. என் மாமியார் மாரியாத்தாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனம்மணி, வெய்யலு சும்மாதான கெடக்குது, அதுக்குப் போட்டியா ஒரு பொட்டிய வாங்கி வெச்சுப்போட்டயா?" என்றார்கள். "எங்கப்பாவுக்கு நம்பர் காட்டோணுங்க அத்தே, வெய்யில்ல நம்பர் தெரியாதுங்களே" என்றேன். "அப்ப சரி, உங்கப்பாரு சூரியனுக்கே மார்க்குப் போடறவரு போல" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். கோபப்படாதீர்கள். உங்கள் பேரில் அவர்களுக்கு மரியாதை உண்டு. காய் நறுக்க உட்கார்ந்தது அவர்கள்தான்.

முதல் ஈடு கெட்டுப்போனது. ஆசைப்பட்டு ஆறு தட்டிலும் அள்ளிப் போட்டுவிட்டேன். ஓரமெல்லாம் மொறுமொறுவென்று, நடுவில் இருந்தது தோல்வார் மாதிரி. அதை மாட்டுக்கு வைத்துவிட்டு மறுநாள் துண்டுக்குத் துண்டு இடம் விட்டு அடுக்கினேன். ஒரு கிலோ கேரட் எட்டரை மணி நேரத்தில் நூற்றுப்பத்து கிராம் ஆனது. கையில் எடுத்தால் கிலுகிலுவென்று சத்தம். என் வீட்டுக்காரர் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "இது கேரட்டுங்களா, கண்ணாடித் துண்டுங்களா?" என்றார். பிறகு நீங்கள் சொன்னபடி இருபத்துநான்கு மணி நேரம் துணி மூடித் திறந்து வைத்தேன். இங்கே நாலு நாளாக மழை மூட்டம். ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை. அதன்பின் பொடித்துப் பொட்டலம் கட்டினேன்.

அம்மாவுக்குக் கேரட் பிடிக்கும், அப்பா. கேக்கில்கூடத் துருவிப் போடுவாள்.

ஒன்று கேட்கலாமா? அம்மாவுக்குத் தலை வாரிவிட யாராவது வருகிறார்களா? வலது கையால் முடியாதே. சிக்கு விழுந்தால் அவளுக்குத் தலைவலி வரும். அதை மட்டும் இரண்டு வரி எழுதுங்கள்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
டீனா

*

கடிதம் எண் 2
சிங்காநல்லூர்.
5 செப்டம்பர் 2024, வியாழக்கிழமை. காலை 6.40 மணி.

பொருள்: முதல் பொட்டலத்தின் ஆய்வு முடிவு.

டீனாவுக்கு,

பொட்டலம் 02.09.2024 அன்று வந்தது. 03.09.2024 அன்று சோதித்தேன். பத்து கிராம், உலர்ந்தபின் 8.88 கிராம். ஈரம் 11.2 சதவீதம். தேறவில்லை.

துண்டுகள் கண்ணாடி போல இருந்தன என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டில் கண்ணாடியும் ஈரமாக இருக்கும் போலும். எட்டரை மணி நேரம் என்பது உண்மையா, அல்லது உன் தாயாரின் மாதர் சபைக் கூட்டம் போன்றதா என்று எனக்குத் தெரிய வழியில்லை. எண்ணுக்கு மட்டும் பொய் சொல்லத் தெரியாது. ஆகவே எண்ணை நம்புகிறேன்.

மீதி நூறு கிராமையும் கறிவேப்பிலைச் செடியின் அடியில் கொட்டிவிட்டேன். பொட்டலத்தின் மேல் தேதி இருக்கிறது, நேரம் இல்லை. அடுத்த முறை நேரமும் எழுத வேண்டும்.

தலைமுடி குறித்துக் கேட்டிருக்கிறாய். 09.08.2024 அன்று ஒரு பெண்ணை வரவழைத்து ஒட்ட வெட்டச் செய்துவிட்டேன். வாரும் தேவை இனி எழாது. வெட்டிய முடி நூறு கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது.

உன் தாயார் கஞ்சியைத் துப்புகிறாள். உப்பு மட்டும் சேர்த்துக் கொடுக்கிறேன். உன் பொடி தேறியிருந்தால் சேர்த்திருப்பேன். இதை நீ நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சூ. இன்னாசிமுத்து

*

சத்தியமங்கலம்,
17.09.2024, செவ்வாய். காலை 10.30.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. முடி விஷயத்தைப் படித்தபின் அன்று வேறு வேலை ஓடவில்லை. அதைப் பற்றி எழுதப்போவதில்லை. எழுதினால் நான் வேறு ஏதாவது எழுதிவிடுவேன்.

இந்த முறை முருங்கைக்கீரை. முதல் நாள் வைத்தேன். பதினொரு மணிக்குக் கரண்டு போய் மூன்றுக்குத்தான் வந்தது. உள்ளே வியர்த்துக் கீரை கறுத்துவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டு, மின்வாரியத்துக்குப் போன் போட்டு எந்த நாளில் கரண்டு போகாது என்று கேட்டு, அந்த நாளில் வைத்தேன். "ஏனுங்க அக்கா, கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறீங்களா?" என்று கேட்டார் அந்தத் தம்பி. நாற்பத்தைந்து டிகிரி, ஐந்து மணி நேரம். கையில் எடுத்தால் நொறுங்கியது. அப்படியே பொடித்துவிடலாம் போல இருந்தது. ஆனால் நீங்கள் தவறவிடாதே என்றது இந்த ஒன்றைத்தான். இருபத்துநான்கு மணி நேரம் வைத்தேன். பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன், பல்லி ஏதும் விழக் கூடாதே என்று.

அப்பா, நான் பொய் சொல்லவில்லை. எட்டரை மணி நேரம்தான். அம்மா உங்களிடம் சொன்ன பொய்க்கு நான்தான் காரணம். அந்தச் சனிக்கிழமை நான் ஏறிய பஸ் புளியம்பட்டி தாண்டிப் பஞ்சர். காந்திபுரம் வந்து டவுன் பஸ் பிடித்து ஓடி வந்தபோது கூட்டமாக நின்றார்கள். நடுவில் அம்மா. இதை இத்தனை நாளும் உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்டனை கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதை அவளுக்கும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

கேரட் பொடியைச் செடிக்குப் போடும் முன் அம்மா மூக்கருகே ஒரு முறை காட்டியிருக்கலாம். தின்னக் கொடுக்க வேண்டாம். வாசனைக்கு ஈரம் பார்க்க வேண்டுமா என்ன?

பணிவுடன்,
டீனா

*

கடிதம் எண் 3
சிங்காநல்லூர்.
26 செப்டம்பர் 2024, வியாழக்கிழமை. காலை 6.40 மணி.

பொருள்: இரண்டாம் பொட்டலத்தின் ஆய்வு முடிவு.

டீனாவுக்கு,

பொட்டலம் 21.09.2024 அன்று வந்தது. பத்து கிராம், உலர்ந்தபின் 8.74 கிராம். ஈரம் 12.6 சதவீதம். தேறவில்லை. முதலாவதைவிட மோசம். பழகப் பழகக் கை தேறும் என்பார்கள். உன்னிடம் அது எதிர்த்திசையில் நடக்கிறது.

பொடி பொட்டலத்தின் மூலையில் கட்டி தட்டியிருந்தது. அதைக் கொடுத்து அவளுக்கு வயிறு கெட்டிருந்தால், பஸ் நிலையத்தில் தொடங்கிய வேலையை நீ தபாலில் முடித்திருப்பாய்.

சனிக்கிழமைகளைக் கணக்கிட்டேன். ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதினொரு ஆண்டுகள், ஆக நூற்றுமுப்பத்திரண்டு. நூற்றுமுப்பத்திரண்டு முறை அவள் புடைவை மாற்றிக்கொண்டு, "போயிட்டு வாரேனுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நூற்றுமுப்பத்திரண்டு முறை திரும்பி வந்து கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று எனக்கு விவரமாகச் சொல்லியிருக்கிறாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்று ஆண்டுகள் என் வீட்டில் இருந்தவளைப் பொய்க்குப் பழக்கியவள் நீ. தண்டனையைப் பங்கு போடும் பொறுப்பை என்னிடம் விட்டுவிடு.

வாசனை குறித்த உன் கேள்விக்கு: முகர வைத்தால் கேட்பாள். கேட்டால் கொடுக்க முடியாது. தராததை ஏன் காட்ட வேண்டும்?

இன்னும் ஒரு பொட்டலம் அனுப்பலாம். இருபத்துநான்கு மணி நேர விதியை நீ சரிவரக் கடைப்பிடிக்கவில்லை என்று ஐயப்படுகிறேன். அதில் கவனம் வை.

சூ. இன்னாசிமுத்து

*

சத்தியமங்கலம்,
10.10.2024, வியாழன். மாலை 4.00.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. தயவுசெய்து முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

பூசணிக்காய் உலர்த்தினேன். பத்து மணி நேரம். எடுத்த நேரத்தில் நாத்தனார் பிரவீனா வந்தாள். அவளுக்குக் காட்டலாமென்று ஒரு கைப்பிடியை, சூடு ஆறினதும் ஆறாததுமாக, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடி அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோனேன். மீதியை உங்கள் விதிப்படி ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு எடுத்தேன். எடுத்தபோதே கையில் ஒட்டியது, எடையும் கூடியிருந்தது. ஆறு நாள் கழித்துப் பாட்டிலைத் திறந்தேன். அப்பா, பாட்டிலில் இருந்தது அன்று எடுத்தது போலவே நொறுங்குகிறது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் மாமியார்தான் சொன்னார்கள். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். "ஏனம்மணி, முறுக்குச் சுட்டு ஒரு நாளு தொறந்து வெப்பியா? நமுத்துப்போகுமில்ல? மழக்காத்துல எல்லாந் தண்ணிதான கண்ணு. நீ ராத்திரி பகலாக் காயவெச்சுப்போட்டு அதும் வாயில திரும்பத் தண்ணிய ஊத்தறே." "எங்கப்பா மில்லுல இப்பிடித்தானுங்க அத்தே செய்வாங்க" என்றேன். "பஞ்சு வேற, பண்டம் வேற. பஞ்சு நூலாகோணும், அதுக்குக் கொஞ்சம் ஈரம் வேணுமா இருக்கும். உங்கப்பாரு மகராசன், ஒரு நாளாவது முறுக்குச் சுட்டுப் பார்த்திருப்பாரா?"

முன்பு அனுப்பிய இரண்டும் அப்படித்தான் கெட்டிருக்குமோ? தட்டிலிருந்து எடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தன. திறந்து வைத்த ஒரு நாளில்தான் ஏதோ நடக்கிறது. நான் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை, அப்பா. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எடை போட்டுப் பார்த்ததில் தெரிந்தது, அவ்வளவுதான்.

இரண்டு பொட்டலம் வைத்திருக்கிறேன். 3 என்று எழுதியது உங்கள் விதிப்படி செய்தது. 3அ என்று எழுதியது உடனே மூடியது. சின்னப் பாட்டிலில் அடைத்து, மூடியைச் சுற்றி மெழுகு வைத்திருக்கிறேன். இரண்டையும் சோதித்துப் பாருங்கள். 3அ தேறினால் நான் வரலாமா என்று கேட்கவில்லை. சோதித்தால் போதும். பிறகு உங்கள் மனசு.

அன்பு மகள்,
டீனா

*

கடிதம் எண் 4
சிங்காநல்லூர்.
17 அக்டோபர் 2024, வியாழக்கிழமை. காலை 6.40 மணி.

பொருள்: மூன்றாம் பொட்டலத்தின் ஆய்வு முடிவும், விதிமீறலும்.

டீனாவுக்கு,

14.10.2024 அன்று இரண்டு பொருள்கள் வந்தன. 3 என்று குறித்தது: பத்து கிராம், உலர்ந்தபின் 8.66 கிராம். ஈரம் 13.4 சதவீதம். தேறவில்லை. கொட்டிவிட்டேன்.

3அ என்று குறித்ததைச் சோதிக்கவில்லை. விதிக்குப் புறம்பாகச் செய்யப்பட்டதைச் சோதிப்பது விதியை அவமதிப்பதாகும். மெழுகைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நான் ஆய்வுக்கூடத்தில் இருந்த முப்பத்தாறு ஆண்டுகளில் என் எண்ணைத் தவறென்று சொன்னவர் இருவர். ஒருவர் இயந்திரம் விற்க வந்தவர். மற்றவர் குடித்திருந்தார். இப்போது மூன்றாவதாக ஒரு முறுக்குச் சட்டி வந்திருக்கிறது. உன் மாமியார் அறிவியல் பேசட்டும், கேட்பதற்கு அவருக்கு நீ இருக்கிறாய். ஆனால் அதை என் வீட்டுக்குத் தபாலில் அனுப்பாதே.

ஒரு குற்றம் பிடிபட்டதும் அளவுகோலைக் குறை சொல்வது உன் பழைய வழக்கம். கோயிலில் திருமணம் நடக்கவில்லை என்றதும் கோயில் எதற்கு என்றவள் நீ.

உன் கேள்வியின் பொருட்டு எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். இனி மூன்று அல்ல, தொடர்ந்து ஐந்து பொட்டலம் தேற வேண்டும்.

உன் தாயார் நலம்.

சூ. இன்னாசிமுத்து

*

சத்தியமங்கலம்,
25.10.2024, வெள்ளி. காலை 9.15.

அன்புள்ள அப்பாவுக்கு,

மன்னித்துவிடுங்கள். நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. உங்கள் விதியே சரி. 3அ பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இதோடு நாலாவது பொட்டலம் வைத்திருக்கிறேன், பீட்ரூட். இருபத்துநான்கு மணி நேரம் முழுதும் திறந்து வைத்தேன். ஐந்து என்றால் ஐந்து. பத்து என்றாலும் செய்கிறேன்.

அதுவரை ஒன்றே ஒன்று. அம்மாவின் கட்டில் தெருப்பக்க அறையில்தானே இருக்கிறது? நான் உள்ளே வர மாட்டேன். கேட்டைத் தொட மாட்டேன். எதிர்ப்பக்கம் மளிகைக்கடையருகே நிற்கிறேன். நீங்கள் ஜன்னலின் கீழ்க்கதவை மட்டும் ஐந்து நிமிடம் திறந்து வையுங்கள். அவள் என்னைப் பார்க்க வேண்டியதில்லை. நான் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறேன். தேதியும் நேரமும் நீங்களே குறித்துக் கொடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு நொடி கூடினாலும் அடுத்த முறை கேட்க மாட்டேன்.

சரி என்று ஒரு கார்டில் எழுதினால் போதும், அப்பா.

டீனா

*

கடிதம் எண் 5
சிங்காநல்லூர்.
24 நவம்பர் 2024, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.40 மணி.

பொருள்: பதிவேட்டில் ஒரு திருத்தம்.

டீனாவுக்கு,

உன் 25.10.2024 தேதியிட்ட கடிதம் 29.10.2024 அன்று கிடைத்தது. ஜன்னல் குறித்த வேண்டுகோள் பொட்டல விதியில் அடங்காததால் பதில் எழுதவில்லை.

03.11.2024, ஞாயிறு காலை 7.15 மணிக்கு உன் தாயாருக்கு இரண்டாம் முறை பக்கவாதம் வந்தது. பதினொரு நாட்கள் மருத்துவமனையில் இருந்தாள். 14.11.2024 அன்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கண் திறந்திருக்கிறது. யாரையும் அறிவதில்லை. பேச்சு முற்றிலும் நின்றுவிட்டது. இனித் திரும்பாது என்று மருத்துவர் 13.11.2024 மாலை 5.30 மணிக்குச் சொன்னார். இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அதையே சொன்னார். உணவு மூக்கு வழியே குழாயில் போகிறது. பொடி இனித் தேவையில்லை. அனுப்ப வேண்டாம்.

கஞ்சி வைக்கும் வேலை இல்லாததால் காலை நேரம் மீந்தது. 17.11.2024 அன்று அலமாரியிலிருந்த 3அ பாட்டிலின் மெழுகைப் பிரித்தேன். பத்து கிராம், உலர்ந்தபின் 9.49 கிராம். ஈரம் 5.1 சதவீதம். ஓவன் பிழையாக இருக்கலாமென்று 18.11.2024 அன்று மறுபடி செய்தேன். அதே எண். 19.11.2024 அன்று மேலும் பத்து கிராம் எடுத்து, தட்டில் பரப்பி, துணி மூடி, இந்த அறையின் காற்றில் இருபத்துநான்கு மணி நேரம் வைத்தேன். மறுநாள் எடை 10.90 கிராம். ஈரம் 12.9 சதவீதம்.

ஆகவே இருபத்துநான்கு மணி நேர விதி தவறு. அது பஞ்சுக்கு உரியது. அதிகம் காய்ந்த பஞ்சு நூற்கும்போது அறும் என்பதால் அதற்குக் காற்றின் ஈரத்தைத் திருப்பிக் கொடுப்போம். உண்ணும் பொருளுக்கு அதைச் செய்யக் கூடாது. உன் மாமியார் சொன்னது சரி. முதல் மூன்று பொட்டலமும் தட்டிலிருந்து இறங்கியபோது தேறியிருந்தன என்றும், என் விதியே அவற்றைக் கெடுத்தது என்றும் முடிவு செய்கிறேன். மூன்று பதிவுகளையும் சிவப்பு மையால் அடித்துத் திருத்திவிட்டேன். எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கிய 17.10.2024 தேதியிட்ட உத்தரவும் ரத்து செய்யப்படுகிறது.

திருத்திய பதிவின்படி மூன்றாம் பொட்டலம் வந்துசேர்ந்த 14.10.2024 அன்றே நீ தகுதி பெற்றுவிட்டாய். அன்று முதல் 02.11.2024 வரை, இரு நாளும் சேர்த்து, இருபது நாட்கள். அந்த இருபது நாட்களில் 20.10.2024, 27.10.2024 என இரண்டு ஞாயிறுகள் வருகின்றன. இரண்டு மணி நேரம். அவை உனக்கும் உன் தாயாருக்கும் உரியவை. அவற்றை நான் வைத்துக்கொண்டேன். அவற்றைத் திருப்பித் தரும் வழி எனக்குத் தெரியவில்லை.

இதனால் 06.07.2024 குறித்த என் கருத்து மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீ ஐம்பது நிமிடம் தாமதித்தாய். நான் இருபது நாள் தாமதித்தேன். இரண்டும் தனித்தனிப் பதிவுகள்.

விதிப்படி நீ இனி ஞாயிறுதோறும் மாலை மூன்று முதல் நான்கு வரை வரலாம். சுரேந்தர் கேட்டுக்கு வெளியே நிற்கலாம். உன் தாயார் உன்னை அறிய மாட்டாள் என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிட்டேன். அழைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்காதே. நானும் அழைத்துப் பார்த்தேன்.

முடி ஒன்றரை அங்குலம் வளர்ந்திருக்கிறது.

சூ. இன்னாசிமுத்து

இணைப்புகள்:

1. 3அ ஆய்வு முடிவு, மூன்று நாள் அளவுகளுடன். தாள் ஒன்று.
2. முதல் மூன்று பொட்டலங்களின் திருத்திய பதிவு, நகல். தாள் ஒன்று.
3. மருத்துவமனையிலிருந்து அனுப்பியபோது கொடுத்த சுருக்கம், நகல். தாள் இரண்டு.
4. உன் பீட்ரூட் பொடி, நாலாம் பொட்டலம், பிரிக்காதது. ஒன்று.
5. கேட் சாவி. ஒன்று.
6. 14.10.2024 முதல் 02.11.2024 வரை உன் தாயார் உன் பெயரைச் சொல்லிக் கேட்ட நாள், நேரக் குறிப்பு. தாள் ஒன்று. இருபுறமும் எழுதப்பட்டுள்ளது.